கம்பத்துக் கோழியும் கம்பத்து நாயும்



நம் நாட்டுச் சந்தைகளில் கம்பத்துக் கோழிக்குத் தனி மதிப்புண்டு. பண்ணைக் கோழியைக் காட்டிலும் விலை அதிகம். ஆயினும் தீபாவளி நெருங்கிவிட்டால் அதைத்தான் தேடிப் பிடித்து வாங்குகிறோம். 'நாட்டுக்கோழி' என்று சொல்லும்போதே நம் குரலில் ஒரு பெருமிதம் வந்துவிடுகிறது. அதே கம்பத்தில், அதே வேலியோரத்தில் பிறந்த நாயைப் பற்றிப் பேச நேர்ந்தால் மட்டும் சொற்கள் மாறிவிடுகின்றன. கடையில் விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு நாய் 'சாதி நாய்' ஆகிறது. மற்றவை எல்லாம் 'சாதியில்லாத நாய்', 'தெருநாய்'. இன்னும் சிலர் வாயில் வரும் சொல்லைப் பிறகு கூறுகிறேன்.

நாய்க்கு இதனால் யாதொரு குறையும் இல்லை. எந்தப் பெயரால் அழைத்தாலும் சோறு வைப்பவரை நோக்கி வாலாட்டிக்கொண்டு வரும். ஆகவே, இச்சொற்கள் புண்படுத்துமா என்று எவரேனும் வினவினால், யாரை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துவோர் அனைவரும் அறிவர்: தன்கதை எழுதச் சொன்னால் பேனாவும் குடையும் காலணியும் போக, எஞ்சிய மாணவர்கள் எல்லாரும் நாயாக மாறிவிடுவார்கள். (நாயாகப் பிறந்து, காணாமற்போய், இறுதியில் எசமானைத் திருடனிடமிருந்து காப்பாற்றாத கதையை நான் இன்னும் திருத்தியதில்லை.) அவ்வாறு வந்த கட்டுரைகளில் ஒன்று, "நான் ஒரு சாதி நாய். என் விலை 2,000 வெள்ளி" என்று தொடங்கியது. மற்றொன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியிருந்தான்: "நான் சாதியில்லாத நாய். ஆகையால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். எனக்கு வெளியே தனித் தட்டில் சோறு வைப்பார்கள்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வாக்கியங்களும் செம்மையாகவே அமைந்திருந்தன. தன் பாட்டன், பூட்டன் காலத்துத் தமிழகத்தில் மனிதர்கள் நடத்தப்பட்ட விதத்தைத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அந்தப் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அவனுக்கு அச்சொல் எங்கிருந்து கிடைத்தது? வீட்டிலிருந்தும் நம்மிடமிருந்தும்தான்.

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியபோது, தமிழில் தேர்ச்சி மிக்க நண்பர் ஒருவர் மறுத்தார். 'சாதி' என்பது இனம், வகை என்னும் பொருளுடைய பழஞ்சொல் என்றும், தொல்காப்பிய மரபியலே நீர்வாழ் உயிர்களைக் குறிக்க அச்சொல்லைக் கையாள்கிறது என்றும் எடுத்துரைத்தார். உண்மைதான். எனினும் அதே மரபியல், நாய்க்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரைத் தருகிறது என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். பன்றிக்கும் முயலுக்கும்கூட அதே பெயர்தான். சொல்லின் பழம்பொருளை அறிந்த புலவர் ஒருவர் அதைப் பயன்படுத்துவது வேறு. 'உயர்சாதி நாய்' என்று அடைமொழி சேர்த்துப் பெருமை பேசும் வீட்டில் பிள்ளை கேட்டுக் கற்பது வேறு. 'உயர்' என்ற அடைமொழி வந்த பிறகு, இனம் என்றுதான் பொருள் என வாதிட இயலுமா?

இனி, முன்பு குறிப்பிட்ட அந்தச் சொல். உரிமையாளரற்ற நாயை ஆங்கிலத்தில் 'பரையா டாக்' என்பார்கள். வட்டமிடும் கரும்பருந்துக்கும் 'பரையா கைட்' என்று அதே அடைமொழியைச் சூட்டினார்கள். இச்சொல் நம்முடையது. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு இணைந்த பறையர் என்ற மக்களின் பெயரே ஐரோப்பியரின் வாய்க்குப் போய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில ஏடுகளில் இடம்பெற்றது. காலப்போக்கில், ஒதுக்கப்பட்ட எதற்கும் எவருக்கும் உரிய பொதுச்சொல்லாயிற்று. இன்று மலாய் மொழியிலும் அது வசைச்சொல். உலக மொழிகளுக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் என்று கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் வகுப்பில் மகிழ்ச்சியோடு பட்டியலிடுகிறோம். இதைப் பட்டியலில் சேர்ப்பவர் அரிது.

நினைவிருக்கும்: 2011ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அப்துல்லா ஹுசேனின் 'இன்டர்லோக்' நாவல் பாடநூலாக்கப்பட்டது. 1971இல் வெளிவந்த அந்நூலில் இந்தியரைக் குறித்து வந்த இச்சொல்லை எதிர்த்து நம் சமுதாயம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அதைத் திரும்பப் பெறும் முடிவும் வந்தது. எதிர்த்தது சரியே. ஆனால், அந்நாளில் என் செவியில் விழுந்த பேச்சுகளில் ஒரு பகுதி, "யாரையும் இப்படிச் சொல்லலாகாது" என்பதாக இல்லை, "எங்களைப் போய் இப்படிச் சொல்லலாமா?" என்பதாகவே இருந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அன்று மேடையில் முழங்கியவர்களின் வீட்டு வாசலில் ஒரு நாய் வந்து நின்றிருந்தால், அதை என்ன சொல்லி விரட்டியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பெயரை மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பார்கள். அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே வீவக அடுக்குமாடி வீடுகளில், பட்டியலிடப்பட்ட சிறிய இன நாய்களை மட்டுமே வளர்க்க இயன்றது. உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுத்து அவ்வீடுகளில் வளர்ப்பதற்கான 'அடோர்' திட்டம் 2012இல் முன்னோட்டமாகத் தொடங்கியது. அந்நாய்களுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. பெயரால் விதி மாறியதா, விதியால் பெயர் பரவியதா என்று ஆராய நான் வரவில்லை. ஆனால் 'ஸ்பெஷல்' என்று அழைத்துக்கொண்டே வீட்டுக்கு வெளியே தனித் தட்டு வைப்பது சற்றுக் கடினம். இந்தியாவிலும் நாய் ஆர்வலர் பலர் 'பரையா' என்பதைக் கைவிட்டு 'இன்டாக்' என்கின்றனர். நம் மலேசியாவிலேயே தெலோம் ஆற்றோரம் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்கள், 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு 'தெலோமியன்' என்ற பெயருடைய இனமாயின. கடல் கடக்கும் வரை அவையும் கம்பத்து நாய்களே.

"எல்லாச் சொல்லையும் இப்படித் தடை செய்துகொண்டே போனால் பேச வாயே இராது" என்று தந்தை ஒருவர் பெற்றோர் சந்திப்பின்போது என்னிடம் சலித்துக்கொண்டார். அவர் அஞ்சும் அளவுக்கு நான் போகவில்லை. 'கலப்பின நாய்' என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அது அறிவியல் பாடத்திற்கும் பொருந்தும். கலப்பு என்பது பழிச்சொல்லும் அன்று. 'நாட்டு நாய்', 'கம்பத்து நாய்' இரண்டும் நல்ல தமிழ். 'தெருநாய்' என்பது தெருவில் வாழும் நாய்க்கு மட்டும். வீட்டில் பிள்ளையின் கால்மாட்டில் உறங்கும் நாயை, இனம் தெரியவில்லை என்பதற்காகத் தெருநாய் என்பது பிழை. விலை கொடுத்து வாங்கிய நாய்க்கோ பொதுப்பெயர் எதற்கு? பொமரேனியன் என்றால் பொமரேனியன் என்று எழுதட்டும், அல்சேஷன் என்றால் அல்சேஷன் என்று எழுதட்டும். கட்டுரையில் 'சாதி நாய்' வந்தால் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அடியில் கோடிட்டு, ஓரத்தில் 'என்ன இனம்?' என்று மட்டும் எழுதி அனுப்புகிறேன்.