முதலில் விரல் மடங்கட்டும்

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கோடு பள்ளத்தில் சாய்ந்தவர் என்று பலர் வருகிறார்கள். உறவினர்கள் "நடப்பாரா?" என்று கேட்பார்கள். படுத்திருப்பவர் கேட்பது வேறு: "சோத்தை நானே பிசைஞ்சு சாப்பிட முடியுமா மேடம்?" ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் 2004-ல் வெளியிட்ட ஆய்விலும், கைகால் நான்கும் முடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதலில் திரும்ப வேண்டும் என்றது கையைத்தான்.

அதனால்தான் கைச்செயலை மீட்க உதவும் ஆர்க்-எக்ஸ் என்ற கருவியின் ஆய்வு முடிவுகளை ஒரு வரி விடாமல் படித்தேன். 2024 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தவை அவை. கத்தி வைப்பதில்லை. பிடரித் தோலில் மின்வாய்களை ஒட்டி மின்துடிப்பு கொடுக்கிறார்கள். அது தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளைத் தூண்டி, அங்குள்ள நரம்புச் சுற்றுகளைத் தயார்நிலையில் வைக்கிறது. காயத்தைக் கடந்து மெலிதாக வந்து சேரும் மூளையின் கட்டளைக்கும் அப்போது விரல் இணங்குகிறது. கட்டளை கொஞ்சமாவது கடந்து வர வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் தந்த அனுமதியும் தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்படாதவர்களுக்கு மட்டுமே.

அந்த ஆய்வில் 60 பேருக்கு முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்துடிப்பு. முடிவில் 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் கூடியது, செயலும் தேறியது. போலித் தூண்டல் பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லாதது இந்த ஆய்வின் குறைதான். ஆனால் அடிபட்டு 34 ஆண்டுகள் ஆனவருக்கும் பலன் தெரிந்திருக்கிறது. "ஒரு வருஷம் தாண்டிட்டா அவ்வளவுதான்" என்று சொல்லி எத்தனை பேரை வீட்டுக்கட்டிலுக்கு அனுப்பியிருக்கிறோம்! அந்தப் பேச்சை மருத்துவர்களும் நாங்களும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

நான்கு மாதமும் விடாமல் நடந்தது பயிற்சி. அதை விட்டுவிட்டு, "கரண்ட் வெச்சா எழுந்து நடப்பார்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கருவி நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கழுத்துக் காயம் பட்டவர்களுக்குத் தொடர்ச்சியான கைப்பயிற்சியை அரசு அதில் சேர்க்க வேண்டும். பயிற்சியே இல்லாமல் விரல்கள் இறுகிப்போன கையில் நாளை எந்தக் கருவியை ஒட்டினாலும் பலன் கிடைக்காது.