ஆறு வாரப் பட்டணம்

மணலும் முட்செடியும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. திடீரென்று ஒரு மாசி, பங்குனியில் தெருத்தெருவாகக் கீற்றுக் கொட்டகைகள் எழும்பும். கடைகள், கோர்ட், ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், ஜெயில் எல்லாம் வந்துவிடும். சில வாரங்கள் கழித்துப் போனால் மறுபடியும் வெறும் மணல்தான்! முத்துக் குளிப்புக்காக முளைத்து மறைந்த பட்டணத்தின் கதை இது.

முத்து என்றதும் நினைவுக்கு வருவது திருநெல்வேலிச் சீமை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டல் கரையை மேடாக்கியது, கடல் விலகியது. இன்று கொற்கை, கடலை விட்டுச் சில மைல் உள்ளே தள்ளிய ஒரு சிற்றூர். அதன் பிறகு காயல் செழித்தது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ அதைப் பெரிய பட்டணம் என்று எழுதினார். சுறாமீனை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கு, எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு கொடுத்தார்களாம்! காயலும் மங்கியது, தூத்துக்குடி எழுந்தது.

கல்லும் கயிறும்

கடலடியில் முத்துச் சிப்பி விளையும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரேயும் பார்கள் உண்டு. இலங்கைக் கரைப் பக்கமும் உண்டு. குளிப்பவர் ஒரு கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்குவார். சுமார் ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பார். அவர் உயிர் அந்தக் கயிற்றில் இருந்தது.

1905-ம் ஆண்டில் இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு உலகப் பிரசித்தம். நம் கரையிலிருந்து பரதவர்களும், கீழக்கரை முஸ்லிம்களும், தூரதேசத்து அரபிகளும் அங்கே போனார்கள். சுமார் 40,000 ஜனங்கள் கூடினார்கள். ஆறு, ஏழு வாரத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். சிப்பிகளை மூன்று பங்காக்கினால் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்காருக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபாய். சிப்பிகளை அழுக விட்டு, கழுவி முத்தைப் பொறுக்கினார்கள். நாற்றம் தாங்காது, ஈ மொய்க்கும், காலரா பயம் வேறு!

கடலுக்குக் குத்தகை

இவ்வளவு பணத்தைப் பார்த்ததும் ஆசை பெருகியது. 1906-ல் ஒரு கம்பெனி, இலங்கைப் பார்களை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகை. 1906-லும் 1907-லும் குளிப்பு நடந்தது. பிறகு பார்கள் வெறுமையாகின. கம்பெனி கலைந்தது. அடுத்த குளிப்பு 1925-ல்தான் நடந்தது.

பேராசை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மணல் வந்து பாரை மூடிவிடும். நீரோட்டம் இளஞ்சிப்பிகளை அடித்துக்கொண்டு போகும். திருக்கை மீன் சிப்பியைத் தின்றுவிடும். அதனால்தான் முன்பெல்லாம் அதிகாரிகள் முதலில் பாரைச் சோதித்தார்கள். கொஞ்சம் சிப்பி எடுத்து, அதில் உள்ள முத்தை மதிப்பிட்டார்கள். முற்றியிருந்தால்தான் குளிப்பு, இல்லாவிட்டால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. கடல் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஏழு வருஷம் தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒரு விளைச்சல் வரவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடிப் பகுதியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் பழைய முத்துச் சலாபம் திரும்பவில்லை.

முத்துக்கு நேர்ந்தது மீனுக்கும் நேரலாம். இப்போது ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருக அந்த ஓய்வு வேண்டும். விதைநெல்லைச் சமைத்தால் ஒரு வேளைச் சோறு கிடைக்கும். மறு வருஷம் பட்டினிதான்.

ஆனால் கடலுக்கு ஓய்வு என்றால் மீனவர் வீட்டு அடுப்புக்கும் ஓய்வு என்று ஆகிவிடக் கூடாது. அரசு தரும் நிவாரணத் தொகை, தடை தொடங்கும் அன்றே கைக்கு வரவேண்டும். ஐஸ் உடைக்கும் தொழிலாளி, வலை பின்னுபவர், கூடை சுமக்கும் பெண் ஆகியோருக்கும் அந்த நாட்களில் வருமானம் குறைகிறது. அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மரிச்சுக்கட்டியில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. கடலைக் காப்பதற்கு ஆகும் செலவிலாவது பெரும் பங்கை ஏழையின் தலையில் சுமத்தாமல் இருப்பதே நியாயம்.