நிழல் விழுது! அதனால என்ன?

தலைப்பைப் பார்த்துட்டுச் சண்டைக்கு வராதீங்க. முழுசாப் படிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறமும் கோபம் இருந்தா மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் பேசிக்கலாம்.

முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போயிருந்தேன். கடைசிச் சுற்று. "நிழல் தரையில் விழாத கோயில் கோபுரம் எது?" என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் பெல்லை அமுக்கிவிட்டேன். "தஞ்சாவூர் பெரிய கோயில்!" ஒரே கைதட்டல். முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில்தான் எனக்கு மதியச் சாப்பாடு வருகிறது.

இந்தப் பொங்கல் முடிந்ததும் நம் பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குக் கல்விச் சுற்றுலா போனோமே, அன்றைக்குத்தான் வந்தது வினை. மதியம் மூன்றரை மணி இருக்கும். கோயிலின் வடக்குப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஆறாம் வகுப்புப் படிக்கிற என் தம்பி ஓடி வந்து, "அக்கா, நாம எதுல உக்காந்திருக்கோம் தெரியுமா?" என்றான். "தரையில"ன்னு சொன்னேன். "இல்லக்கா, நிழல்ல!" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். சண்டிகேசுவரர் சன்னதி நிழலுக்குள்ளே இருந்தது. அதையும் தாண்டி, தரையில் நீளமாக, கூம்பாக, உச்சிக் கலசத்தோடு விமானத்தின் நிழல் படுத்திருந்தது! தம்பி சுவரோரத்திலிருந்து நிழலின் நுனி வரைக்கும் தப்படி போட்டு அளந்தான். நூற்றுப்பத்துக்கு மேலே வந்தது. எனக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் நடந்த சண்டை

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைச் சொன்னேன். பக்கத்தில் என் உயிர்த்தோழி. "நிழல் விழாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நீ மட்டும் என்ன புதுசா? நம்ம கோயிலை நீயே கேவலப்படுத்துறியா?" என்றாள். "அடியே, நீயும்தானே அந்த நிழல்ல உக்காந்து புளியோதரை சாப்பிட்ட?" என்றேன். அவ்வளவுதான், இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் கோயிலுக்கு அவமானமா? நான் அப்படி நினைக்கவில்லை. பொய்யைச் சொன்னால்தான் அவமானம் என்பது என் கருத்து.

நிழல் கணக்கு

இயற்பியல் சாரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. அடியில் ஒரு பக்கம் சுமார் 100 அடி. அப்படியானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 50 அடி. உச்சியின் நிழல் அந்த 50 அடிக்குள்ளேயே விழுந்தால் தரைக்கு வராது, கட்டடத்தின் மேலேயே விழுந்துவிடும். சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து ஏறக்குறைய 13 டிகிரிக்குள் இருந்தால் அப்படி நடக்கும். தஞ்சாவூர் கிட்டத்தட்ட 11 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் முதல் செப்டம்பர் நடு வரைக்கும் நடுப்பகலில் கொஞ்ச நேரம் அப்படி இருக்கும்.

அதே டிசம்பர் மாதம் நடுப்பகலில் போனால்? நிழல் சுவரைத் தாண்டி வடக்கே கிட்டத்தட்ட 100 அடி நீளும். காலையிலும் மாலையிலும் எந்த மாதமானாலும் விழும். "வெயில் காலத்துல உச்சிவேளைக்குப் பார்த்த யாரோ சொல்லியிருக்கலாம். அது வாய் மாறி வாய் மாறி 'விழவே விழாது'ன்னு ஆயிருக்கும்" என்று சார் சொன்னார். அது அவருடைய ஊகம்தான். ஆனால் கணக்கு ஊகம் இல்லை, நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நாம் எல்லாரும் "தஞ்சாவூர் கோபுரம்" என்கிறோம். அது கோபுரம் இல்லை, விமானம். வாசல் மேலே இருப்பது கோபுரம், கருவறை மேலே இருப்பது விமானம். மதுரையில் வாசல் கோபுரங்கள்தான் உயரம். இங்கே கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் இரண்டுமே குட்டையாகத் தள்ளி நிற்க, சாமி இருக்கும் இடத்துக்கு மேலே உள்ளது மட்டும் வானத்தைத் தொடுகிறது.

அடுத்தது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்கிற பேச்சு. அது பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று கோயிலை ஆராய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பொய்யை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

தோழி கேட்ட கேள்வி இதுதான். "எல்லாத்தையும் இல்ல இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் அதுல என்னடி இருக்கு?"

நிறைய இருக்கு! தஞ்சாவூர் ஆற்று வண்டல் பூமி. அங்கே மலையும் இல்லை, பாறையும் இல்லை. இவ்வளவு கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. லாரி இல்லை, கிரேன் இல்லை. மண்ணைக் கொட்டிச் சரிவான சாரம் அமைத்து ஏற்றினார்கள், அந்தச் சாரம் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து தொடங்கியது என்று சொல்வது வழக்கம். எப்படி ஏற்றினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்றும் இல்லை! உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தள்ளி அடுக்கி, 13 நிலைகளாக மேலே கொண்டுபோய்க் குவித்திருக்கிறார்கள். கருவறைக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கனமான சுவர்கள், நடுவில் ஒரு நடை. அந்த நடையின் கீழ்த்தளத்தில் சோழர் கால ஓவியங்கள். அவற்றின் மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் அடியில் சோழர் ஓவியம் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது.

மேல்தளத்து நடையில் நாட்டியத்தின் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. ஏன் நிறுத்தினார்கள்? நான் என் நோட்டில் பாதியில் விட்ட படங்களை நினைத்துக்கொண்டேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பெரிய சிற்பிக்கும் முடிக்காத வேலை ஒன்று இருந்திருக்கிறது என்பது எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

அதுவும் ஒரு சுவரிதழ்தான்!

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பெரிய கோயிலை யார் கட்டியது? "ராஜராஜ சோழன்"னு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்காது! தலபுராணத்தில் கரிகாலன் கதைதான் இருந்தது. காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றும் சொன்னார்கள். 1886ஆம் ஆண்டுக்குப் பிறகு ஹூல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் கோயில் சுவர்களில் இருந்ததைப் படி எடுத்துப் படித்த பிறகுதான் ராஜராஜனின் பெயர் உறுதியானது.

அந்தப் பெயர் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. சுவரிலேயே, கண்ணுக்கு எதிரே, தமிழிலேயே எழுதியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போனார்கள். கதை பேசினார்கள், சுவரைப் படிக்கவில்லை. நம் சுவரிதழையும் சிலர் இப்படித்தான் தாண்டிப் போகிறீர்கள் (யாரென்று சொல்ல மாட்டேன்!).

அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று வரலாற்று டீச்சர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. ராஜராஜன், தான் கொடுத்ததையும் தன் அக்கா குந்தவை கொடுத்ததையும் தன் மனைவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்னான். தன் 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான். அதன் எடை 3083 பலம் என்று நிறுத்து எழுதியிருக்கிறது!

ராஜா பெயர் மட்டும் இல்லை. கோயிலைக் கட்டிய தச்சரின் பெயர் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சன். ஆடல் பாடலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், ஒவ்வொருவராக, எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று இருக்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். விளக்கெரிக்க ஆடு கொடுத்ததும் இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அதற்குத் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் தங்கள் ஊரை விட்டு விருப்பத்தோடு வந்தார்களா, அழுதுகொண்டு வந்தார்களா? அதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்று சொல்கிறது. நிழல் விழாத கோயில் என்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டு நாம் இத்தனை பேரையும் மறந்துவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

அதே சுவரில் நாம் என்ன எழுதுகிறோம்? இரண்டு பெயரும் நடுவில் அம்பு விட்ட இதயமும்! கல்லால் கீறி, சாவியால் கீறி, இப்படிப் பல இடங்களில் பார்த்தேன். உழைத்தவன் பெயர் இருக்கும் சுவரில் ஒரு வேலையும் செய்யாத நம் பெயர் எதற்கு?

அப்போ கதையே வேண்டாமா?

வேண்டும். என் பாட்டி சொன்ன கதை ஒன்று இருக்கிறது. கோயில் கட்டும்போது அழகி என்ற ஏழை மூதாட்டி சிற்பிகளுக்கு மோர் கொடுத்தாளாம். தன்னிடம் இருந்த ஒரு கல்லைக் கோயிலுக்குக் கொடுத்தாளாம். குடமுழுக்குக்கு முன்னால் சிவபெருமான் ராஜராஜன் கனவில் வந்து, அழகி தந்த நிழலில் சுகமாக இருக்கிறேன் என்றாராம். ராஜா ஓடிப்போய் அந்தப் பாட்டியைத் தேடினானாம்.

இது நடந்ததா என்று நான் கேட்க மாட்டேன். இது கதை. பெரிய ராஜா கட்டினாலும் ஏழைக் கிழவியின் கல்தான் சாமிக்கு நிழல் என்று சொல்ல வந்த கதை. அதில் பொய் இல்லை, பாடம் இருக்கிறது. பெரிய நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்பதும் கதைதான், கேட்கச் சுவையாக இருக்கிறது. (இப்போது இருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.) கதையைக் கதையாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கதையைப் பொது அறிவு என்று மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுக்கும்போதுதான் தப்பாகிறது.

தோழியுடன் நடந்த சண்டையைப் பாட்டியிடமே சொன்னேன். பாட்டி பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். சிரித்துவிட்டு, "நிழல் விழாம என்னடி? சின்ன வயசுல அந்த நிழல்ல உக்காந்துதான் எள்ளுருண்டை தின்போம். நிழல் விழுந்தா சாமி குறைஞ்சா போயிடும்?" என்றது. இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

என் வேண்டுகோள்கள்

1. நம் பள்ளி வினாடி வினாவில் "நிழல் விழாத கோயில்" கேள்வியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, "பெரிய கோயிலைக் கட்டிய தச்சரின் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.

2. அடுத்த வருஷம் எந்தக் கோயிலுக்குச் சுற்றுலா போனாலும், ஒரு கல்வெட்டையாவது டீச்சர் துணையோடு படித்துவிட்டு வரவேண்டும். பழைய எழுத்தாக இருந்தாலும் நாலு எழுத்தாவது புரியும்.

3. சுவரில் கிறுக்குகிறவனைப் பார்த்தால் சும்மா வராதீர்கள். "தம்பி, எழுதணும்னா எங்க சுவரிதழுக்கு வா"ன்னு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக இரண்டு செய்திகள். தோழி மூன்றாம் நாள் தானாகவே வந்து பேசிவிட்டாள். "டிசம்பர்ல மறுபடி போய் உச்சிவேளையில அளப்போம், நீ சொன்ன மாதிரி 100 அடி வரலேன்னா மன்னிப்புக் கேக்கணும்" என்று பந்தயம் கட்டியிருக்கிறாள். நான் தயார்.

அந்த டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "முதல்ல அதுல வைக்கிற சாப்பாட்டை மிச்சம் வைக்காமச் சாப்பிடு. அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள்.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி