பாய் விரிக்கும் முன்

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் பொறுமை குறைவு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கேட்டைத் திறந்ததுமே பச்சைப் பசேலென்று புல்தரை தெரிய வேண்டும். புல்லை நட்டுவிட்டு அது படரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. இவர்களுக்காகவே வந்தது சுருட்டி விற்கப்படும் புல். பண்ணையில் வளர்த்து, மெல்லிய மண் அடுக்கோடு சீவி எடுத்து, சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். காலையில் வந்து இறங்கினால் மாலையில் தோட்டம் தயார். பெங்களூர், ஐதராபாத், புனே என்று தனி வீடுகள் பெருகும் புறநகர்களில் இது சகஜமான காட்சி.

ஆங்கிலத்தில் இதற்கு டர்ஃப் என்று பெயர். நர்சரிக்காரர்கள் கார்ப்பெட் புல் என்கிறார்கள். அதைத் தமிழில் புல்கம்பளம் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் புல்பாய் என்பதே பொருத்தமாகப் படுகிறது. கம்பளம் தரையின் மேடு பள்ளத்தைக் கொஞ்சம் மறைத்துவிடும். பாய் மறைக்காது. அடியில் கிடப்பது சின்னக் கல்லானாலும் முதுகு கண்டுபிடித்துவிடும். புல்லின் சங்கதியும் அதுவே.

புது வீட்டின் முன்பக்கத்தைச் சற்றுத் தோண்டிப் பாருங்கள். உடைந்த செங்கல், சிமெண்ட் கலவை, பூச்சுவேலையில் உதிர்ந்த காரை, பெயிண்ட் டப்பா எல்லாம் கிடைக்கும். அவசரக் காண்டிராக்டர் அதன்மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணைக் கொட்டி, மட்டம் தட்டி, புல்லை விரித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். முதல் மாதம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பிறகு வேர் கீழே இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். சிமெண்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை அதிகம். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. புல் வெளிறி, பிறகு திட்டுத் திட்டாகக் காயும். வீட்டுக்காரர் புல்லைக் குறை சொல்வார். காண்டிராக்டர், தண்ணீர் போதவில்லை என்பார். இருவரும் மண்ணைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஆகவே வேலையை மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் ஓரடிக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் வடிகால் சரியில்லை என்று அர்த்தம். அடுத்து, இடம் முழுவதையும் முக்கால் அடியிலிருந்து ஓரடி ஆழம்வரை கொத்திக் கல்லையும் கட்டிடக் குப்பையையும் பொறுக்கி எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் சும்மா விடுவது நல்லது. புதைந்திருக்கும் களைகள் முளைத்துத் தங்களைக் காட்டிக்கொடுக்கும். முக்கியமான எதிரி கோரை. அதன் கிழங்கில் ஒன்று தங்கினாலும் புல்பாயைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது பிடுங்குவது பெரும்பாடு.

களை ஒழிந்ததும் நன்றாக மக்கிய சாணி எருவை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி மண்ணோடு கலக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மணலும் சேர வேண்டும். மட்டம் தட்டும்போது வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நூறு அடிக்கு ஓரடி முதல் இரண்டடி வீதம் சரிவு கொடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் அஸ்திவாரத்தைத் தேடிப் போகும். காலால் மிதித்தோ உருளை ஓட்டியோ மண்ணை இறுக்கி, மேலே லேசாகக் கிளறிவிட வேண்டும். பக்கத்து நடைபாதையைவிட மண் ஓரங்குலம் தாழ்ந்திருந்தால் புல் விரித்த பிறகு சரியாக இருக்கும்.

விரிப்பது இதற்குப் பிறகு ஒரு நாள் வேலை. சுருளை வந்த அன்றே விரித்துவிட வேண்டும். சுருட்டி வைத்த புல் உள்ளுக்குள் சூடேறி மஞ்சளாகிவிடும். நேரான ஓரம் ஒன்றிலிருந்து தொடங்கி, செங்கல் வரிசைபோல இணைப்புகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். இழுத்து நீட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். விரித்த புல்மேல் நடக்காமல் பலகை போட்டு நிற்க வேண்டும். இணைப்புகளில் மணல் கலந்த மண்ணைத் தூவி, உடனே அடிமண்வரை நனையும்படி தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வராத அளவுக்கு வேர் பிடிக்கும். அதற்குப் பிறகே வெட்டலாம். அப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது.

தில்லி ராஷ்டிரபதி பவனில் மொகல் தோட்டம் என்று பெயர் பெற்று, 2023 ஜனவரியில் அம்ரித் உத்யான் ஆன தோட்டத்தின் தரையில் இருப்பது தூப் என்கிற புல். கல்கத்தாவின் பெல்வெடேர் மாளிகையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கொரு முறை மழைக்காலத்துக்கு முன் புல்லை எடுத்துவிட்டுப் புது மண் பரப்புவது அங்கே வழக்கம். ஜனாதிபதி வீட்டிலும் மண்ணுக்குத்தான் முதல் மரியாதை. அந்தத் தூப் வேறெதுவுமல்ல, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்.

மண் சரியானாலும் பாக்கி இருப்பது தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 500 சதுர அடிக்கு ஏறக்குறைய 230 லிட்டர் வேண்டும். நகரவாசி ஒருவருக்கு நம் அரசு வகுத்திருக்கும் அளவு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதாவது, அந்தச் சின்னப் புல்தரை வீட்டில் ஒன்றே முக்கால் ஆள் அதிகம் இருப்பதற்குச் சமம். பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் அந்த நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு விடக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே தடை. குடத்தோடு சிலர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில், பச்சைப் புல்தரை என்பது சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

புல்தரையே வேண்டாம் என்பதல்ல வாதம். குழந்தைகள் விளையாடவும் பெரியவர்கள் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரவும் எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவு போதும். மரநிழல் விழும் இடத்தில் அறுகம்புல் வகைகள் செழிக்காது. அங்கே வேறு செடி வைக்கலாம். விரிப்பதைக் கோடையில் செய்யாமல் மழை தொடங்கியதும் செய்தால், வேர் பிடிக்கும் வாரங்களில் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். குளியலறைத் தண்ணீரை வடிகட்டித் திருப்பிவிட முடிகிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

பொறுமை இருப்பவர்களுக்கு மலிவான வழியும் உண்டு. பதப்படுத்திய மண்ணில், மழை நாளில், அறுகின் கணுத்தண்டுகளை நாலங்குல இடைவெளியில் ஊன்றிவிட்டால் தானே படர்ந்துவிடும். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்துகிறோம். தழைப்பதற்கு ஆலைச் சொன்ன பெரியவர்கள் வேருக்கு அறுகைத்தான் சொன்னார்கள். அந்த வேர் ஓட ஓரடி நல்ல மண்ணை ஏற்பாடு செய்த பிறகு, பாயாக விரிப்பதா, தண்டாக நடுவதா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.