முதல் வருஷம், வெளிநாட்டில்

காலேஜ் முதல் வருஷத்தையே வெளிநாட்டில் படித்தால் பார்வை விசாலமாகும் என்பது நம்மிடையே ஏறக்குறைய மத நம்பிக்கையாகிவிட்டது. எதிர்க்கட்சியும் உண்டு. பதினெட்டு வயதில் கடல் கடந்தால் வேர் அறுந்துபோகும், மொழி செத்துப்போகும் என்று அலறுகிற கட்சி. இரண்டும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. ஊருக்கு ஒரு மந்திர சக்தி இருப்பதாக நினைத்துக்கொள்கின்றன. லண்டன் தானாக யாரையும் ஆக்கியதுமில்லை, அழித்ததுமில்லை. அந்த முதல் வருஷத்தின் அதிர்ச்சியை ஒருவன் எந்த மொழியில் எதிர்கொண்டான், அதிலிருந்து என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

தாகூரை எடுத்துக்கொள்வோம். 1878இல், பதினேழு வயதில், பாரிஸ்டராக்கும் உத்தேசத்துடன் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முதலில் பிரைட்டனில் பள்ளிக்கூடம். 1879இல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ். அங்கே ஹென்றி மார்லியிடம் ஆங்கில இலக்கியம் கேட்டார். பிற்காலத்திலும் மார்லியின் வகுப்பை மிகுந்த பிரியத்துடன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் சில மாதங்கள்தான். முதல் வருஷத்தைக்கூட முடிக்காமல், பட்டமில்லாமல், 1880இல் திரும்பிவிட்டார். இன்றைய கணக்குப்படி இது முழு நஷ்டம்.

நஷ்டக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்து வாசத்தின்போது அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் குடும்பப் பத்திரிகையான 'பாரதி'யில் வந்தன, 1881இல் புத்தகமாயின. வங்க உரைநடை பண்டித நடையில் விறைத்து நின்ற காலத்தில் இந்தப் பையன் பேச்சு வங்காளியில் எழுதினான். அந்தப் பேச்சு நடைக்காக 'ஸபுஜ் பத்ர' கொடி தூக்கியது 1914இல். கடிதங்களில் வெள்ளைக்காரனைப் பார்த்து வாய் பிளப்பதும் இல்லை, திட்டித் தீர்ப்பதும் இல்லை. லண்டனில் துரை வேஷம் கட்டிய வங்காளிகளைக் கிண்டல் செய்தான். அங்குள்ள பெண்களின் சுதந்திரத்தைப் பாராட்டினான். பத்திரிகாசிரியரான மூத்த அண்ணன் த்விஜேந்திரநாத்துக்கு இது பொறுக்கவில்லை. தம்பியின் கடிதத்தை அச்சிட்டுவிட்டு, அதன் அடியிலேயே மறுப்புக் குறிப்பும் போட்டார். தம்பியும் விடவில்லை, பதில் எழுதினான். பிற்காலத்தில் தாகூரே இக்கடிதங்களை வாலிபத் திமிர் என்று ஒதுக்கப் பார்த்தார். அது அவருடைய அபிப்பிராயம். திமிர் இல்லாமல் நடையை உடைக்க முடியாது என்பது என்னுடையது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சங்கதி. அவர் தங்கியிருந்த டாக்டர் ஸ்காட் வீட்டில், பெண்களில் ஒருத்தி வங்காளி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். ஆங்கிலத்தைப் போலல்லாமல் எங்கள் பாஷையில் எழுதியபடியே உச்சரிப்போம் என்று பெருமையாக ஆரம்பித்தார். சொல்லிக்கொடுக்கும்போதே அந்தப் பெருமை சரிந்தது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. பழக்கத்தினால் அதுவரை காதில் விழாத ஒன்று. உடனே யூனிவர்ஸிடி காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்து, நண்பன் லோகேன் பாலித்தின் துணையோடு, வங்க உச்சரிப்புக்கு விதிகள் தேட ஆரம்பித்தார். 1909இல் வந்த 'சப்த தத்வ'த்துக்கு விதை அங்கே இருக்கிறது. லண்டன் அவருக்கு ஆங்கில இலக்கியத்தைக் கொடுத்தது உண்மைதான். கல்கத்தாவில் கிடைக்காத வங்காளியின் ஓசையைக் கொடுத்ததும் அதே லண்டன்தான். ஆங்கிலக் கவியாகும் கனவோடு வளர்ந்த மதுசூதன் தத், சட்டம் படிக்க 1862இல் கப்பலேறிப் போய், வெர்சாயில் உட்கார்ந்து வங்காளியில் ஸானெட் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

'ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, பட்டமில்லாமல் திரும்பலாம்' என்பார்கள். நியாயமான ஆட்சேபணை. பாங்க் கௌண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக சொத்து ஈடு கேட்போம். அநேகமாக அப்பாவின் வீட்டுப் பத்திரம். தவணை கட்டப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. வட்டிக்கு அவகாசம் கிடையாது, பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறும். இந்தப் பாரத்தோடு விமானம் ஏறுகிற பிள்ளையிடம் போய், 'லைப்ரரியில் உட்கார்ந்து உன் தாய்மொழியின் உச்சரிப்பை ஆராய்ந்து பார்' என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. வழி தவறவும், பாதியில் திரும்பவும், வீண் வேலை செய்யவும் உள்ள சுதந்திரத்தை அடமானம் வைத்துவிட்டுத்தான் அவன் போகிறான். 'பார்வை விசாலமாகும்' என்று அவனிடம் சொல்கிறவர்கள் இந்த அடமானத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

பாங்க் மார்க்கையும் பட்டத்தையும் வேலையையும் மட்டும் பார்ப்பதில் எனக்குப் புகார் இல்லை. அது கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க வேண்டிய ஸ்தாபனம். அதே அளவுகோலை இலக்கியத்துக்குள் தூக்கிக்கொண்டு வருவதுதான் அசிங்கம். நம் விமர்சன உலகில் நடப்பது இதுதான். ஒருவர் எந்த யூனிவர்ஸிடியில் இருந்தார் என்பது அவர் கட்டுரைக்கு ஜாமீனாகிறது. கட்டுரையைப் படித்தால் அந்த யூனிவர்ஸிடியின் பாடக் குறிப்புதான் தமிழ் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தனியாக இருந்த முதல் குளிர்காலம் அவர் வாக்கியத்தில் ஒரு கமாவைக்கூட இடம் மாற்றவில்லை. போகாதவர்களும் சளைத்தவர்களில்லை. வந்தவருக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள், அல்லது 'மண் மணம்' பேசிக் கதவைச் சாத்துகிறார்கள். எழுத்தைப் படிக்கிற சிரமத்திலிருந்து தப்பிக்க இரண்டுமே நல்ல வழிகள்.

வெளிநாட்டு முதல் வருஷத்துக்கு நான் விரோதியல்ல. சுற்றிலும் ஒருவர்கூட நம் மொழி பேசாத இடத்தில்தான் அது தலைக்குள் உரக்கக் கேட்கும். அப்படிக் கேட்டவன் பட்டமில்லாமல் வரட்டும், பட்டத்தோடு வரட்டும், எழுதியதைக் காட்டட்டும். த்விஜேந்திரநாத் செய்ததையாவது நாம் செய்வோம். பிடிக்காவிட்டாலும் முழுதாக அச்சிட்டு, அடியில் சண்டை போடுவோம். அதற்கும் தயாரில்லாதவர்கள் சர்டிபிகேட்டைப் பரிசீலிக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடலாம். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.