வெயிலில் இருண்ட வீடு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. விசுவமடுவில் அக்கா வீட்டு விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். முற்பகலில் மின்விசிறி நின்றது. இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதும், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று செய்த வேலை இது என அமைச்சர் விளக்கமளித்ததும் பின்னர் தெரிந்த செய்திகள். அக்காவின் கேள்வியோ வேறு. முற்றத்தில் நின்று கூரையைக் காட்டினார்.

"வெயில் இப்பிடி எறிக்குது, பிறகேன் தம்பி எங்களுக்குக் கரண்ட் இல்லை?"

கூரையில், கனடாவிலிருந்து மருமகன் பணம் அனுப்பிப் போட்ட ஐந்து கிலோவாட் சூரியத் தகடுகள். கீழே, நின்றுபோன குளிர்சாதனப்பெட்டிக்குள் அக்காவின் இன்சுலின்.

பற்றறி இல்லாத இந்த வகைத் தொகுதி, வெளிக்கம்பியில் மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதை நான் குறைகூறவில்லை. அதை மறைத்து, "இனிக் கரண்ட் பிரச்சினையே இல்லை அம்மா" என்று எழுபது வயதுப் பெண்ணிடம் விற்றார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

2016 இல் அரசு 'சூரியபல சங்கிராமய' திட்டத்தைத் தொடங்கியபின் கூரை என்பது வருமானம் தரும் நிலமாகிவிட்டது. மாதம் எத்தனை அலகு விற்கலாம் என்பதே பேச்சு. இரவில் என்ன செய்வீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. அந்த வியாபாரமும் உறுதியானதல்ல. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைவாக இருந்ததால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டதல்லவா!

1990 முதல் மின்சாரமின்றிக் கிடந்த மண் இது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில், சயிக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பற்றறியின் பெறுமதியை வன்னியானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மறந்தவர்கள் பணம் அனுப்பும் நாங்கள்தான்.

ஆகவே புலம்பெயர்ந்த அன்பர்களே, கிலோவாட்டிலிருந்து தொடங்காதீர்கள், இரவிலிருந்து தொடங்குங்கள். ஒன்பது வாட் குமிழ்கள் நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட்மணி. அறுபது வாட் விசிறிகள் இரண்டு, எட்டு மணி நேரம்: 960. சிறிய குளிர்சாதனப்பெட்டிக்கு இரவில் ஏறத்தாழ 500. கைத்தொலைபேசி, இணையப் பெட்டிக்கு 100. மொத்தம் இரண்டு அலகுக்குள் அடங்கிவிடுகிறது. இதற்கு இரண்டரை அலகு கொள்ளும் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறி போதும். ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் குறையும். ஆதலால் 12 வோல்ற், 100 அம்பியர்மணி அளவில் நான்கு வேண்டும். சில ஆண்டுகளில் மீண்டும் நான்கு. மலிவு என்று வாங்குபவர் இருமுறை வாங்குகிறார்.

கிணற்று மோட்டரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடங்கும்போது அது தன் அளவைப்போல் பல மடங்கு இழுக்கும். வெயில் நேரத்தில் தாங்கிக்கு நீரேற்றி வைப்பதே புத்தி.

பற்றறி விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஐந்து கிலோவாட்டை இரண்டாகக் குறையுங்கள். மிச்சத்தைப் பற்றறிக்கும், அதற்கேற்ற ஹைபிரிட் இன்வேர்ட்டருக்கும் கொடுங்கள். இரண்டு கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்கு எட்டு அலகு வரை தரும். கார்த்திகை, மார்கழி மாரியில் அது பாதியானாலும் இரவுக்குத் தேவையானது சேர்ந்துவிடும். ஜெனரேற்றர் இருக்கிறதே என்பவர்கள், 2022 இல் பெற்றோலுக்கு எத்தனை நாள் வரிசையில் நின்றோம் என்பதையும், அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த ஞாயிறு மாலையே மின்சாரம் திரும்பியது, இன்சுலினும் தப்பியது. மருமகனோடு தொலைபேசியில் சண்டையிட்டு, பற்றறி போடச் செய்தேன். வேலை முடிந்ததும், பொருத்த வந்த இளைஞரிடம் பிரதான ஆளியை நிறுத்தச் சொன்னேன்.

"ஐயாவுக்கு நம்பிக்கை இல்லையோ?" என்று சிரித்தார்.

இல்லை என்றேன். நிறுத்தினார். அக்கா குளிர்சாதனப்பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.