நீல நிறம் மட்டும் போதாது

மாலைநேரப் படிப்பு மையத்துக்கு இணைய வகுப்புத் தளம் வேண்டும் என்று வரும் தோழர்களுக்கு நாங்கள் மூடிலைத்தான் சொல்கிறோம். 2002 முதல் இருக்கும் கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது, தமிழ் மொழிப்பொதியும் உண்டு. நிறுவி முடித்த அன்றே ஒரு விவாதம் கிளம்பும்: முகப்பு எப்படி இருக்க வேண்டும்?

நீல நிறம், அண்ணல் படம் என்று பதில் தயாராக இருக்கும். எங்களுக்கும் அதில் மறுப்பில்லை. பள்ளிச் சுவரில் சரஸ்வதியையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், 1848-இல் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்ரிபாய் பூலேவையும் முகப்பில் பார்க்கட்டும். வேலையும் சிறியதுதான். பூஸ்ட் தீமின் அமைப்புப் பக்கத்தில் வண்ணக் குறியீட்டை மாற்றிச் சேமித்தால் பொத்தான், இணைப்பு எல்லாம் நீலமாகிவிடும்.

ஆனால் அந்தப் படத்தை 4 எம்.பி. அளவில் அப்படியே ஏற்றிவிட்டால்? வீட்டுக்கு ஒரே போன். அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். அன்றைய டேட்டாவில் மிச்சம் கொஞ்சம். அந்தப் பிள்ளைக்கு நம் முகப்புப் படம் ஒரு நுழைவுக் கட்டணம். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. இதழ் யாருக்கானது என்பதை விலையே தலைப்பில் சொல்லிவிட்டது. நம் தளத்தின் முகப்பும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

ஆகவே படத்தை 100 கே.பி.க்குள் சுருக்குங்கள். நகரும் பட வரிசை வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அழகுக்காக இன்னொன்றை இறக்க வைக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் பாதி வெட்டுப்படும். வெளிர்நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து போஸ்டரில் எடுபடலாம், வெயிலில் பிடித்த போனில் எடுபடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூடில் பதிவுப் படிவம் முதல் பெயரோடு குடும்பப் பெயரையும் கட்டாயமாகக் கேட்கும். சாதிப் பின்னொட்டை உதறிய ஊரில் அந்தக் கட்டத்தில் பிள்ளை என்ன எழுதும்? மொழித் தனிப்பயனாக்கம் என்ற வசதியில் போய் அதைத் ‘தலைப்பெழுத்து’ என்று மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழ் விவரம் தேவைப்பட்டால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்புத் தோழர்கள் திறந்து பார்க்கும் சுயவிவரப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை?

திறப்பு விழாவுக்கு முன்பு, மையத்திலேயே மிகப் பழைய போன் வைத்திருக்கும் மாணவியிடம் முகவரியைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பக்கம் வர எவ்வளவு நேரமாகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். படத்தைச் சுருக்குவதா வேண்டாமா என்று அதற்கப்புறம் கூட்டம் போட வேண்டியிருக்காது.